கரை முடிந்தது, இனி மலையின் முறையா?

உல்லாசப் பிரயாணிகளின் தொகை மீண்டும் இருபது இலட்சத்தைத் தாண்டிவிட்டதென்று ஆட்சியாளர் அகமகிழ்ந்தனர். 2024ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்தோர் ஏறத்தாழ 20 இலட்சத்து 50 ஆயிரம் பேர். உல்லாசப் பயணச் சபையை நிறுவும் சட்டம் நிறைவேறிய 1966இல் வந்தோரோ 19 ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைவு. வளர்ச்சி பெரிதுதான், அதை மறுப்பார் இல்லை. ஆனால் எண்ணிக்கையைச் சொல்லி மார்தட்டுவோரிடம் நாம் கேட்க விரும்புவது வேறொன்று. வந்த இருபது இலட்சம் பேரும் இரவில் யாருடைய வீட்டில் உறங்கினார்கள்? உறங்கியதற்குக் கொடுத்த பணம் யாருடைய கைக்குப் போயிற்று?

இந்தக் கேள்வி எமக்குக் காலிமுகத்திடலில் நிற்கும்போது தோன்றவில்லை. வத்தேகமவில், பஸ் நிலையத்துக்கு அருகே, ஒரு தேநீர்க் கடையில் தோன்றியது.

2025 பெப்ரவரியில் ஒரு பிற்பகல். கண்டியிலிருந்து வந்த பஸ்ஸைவிட்டு ஜெர்மானிய வாலிபர் ஒருவர் இறங்கினார். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. முதுகில் அவர் உயரத்தில் பாதிக்கு ஒரு மூட்டை. (நம்மவர் சுமந்தால் அவர் கூலியாள், வெள்ளையர் சுமந்தால் அவர் பிரயாணி. உலக வழக்கு இவ்வாறிருக்கிறது.) கடைக்குள் வந்து எமக்கு எதிரே அமர்ந்து ஒரு பிளேன்ரீ கேட்டார். பேச்சுக் கொடுத்தோம். ஹிக்கடுவையில் மூன்று நாள் இருந்துவிட்டு, எல்லவுக்குப் போய், அங்கும் மனம் பற்றாமல் வந்திருப்பதாகச் சொன்னார்.

அவருடைய மாமன் ஒருவர் 1982இல் ஹிக்கடுவைக்கு வந்து ஒரு மாதம் தங்கினாராம். ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டில் அறை. அவர்கள் சமைத்த சோறும் மீனுமே சாப்பாடு. முற்றத்தைத் தாண்டினால் கடல். கடலுக்குள் முழங்காலளவு இறங்கினால் முருகைப் பாறையும் வண்ண மீன்களும். இந்தக் கதையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த மருமகன் அந்தக் கரையைத் தேடி வந்தார். கண்டதென்ன? காலி வீதியில் ஒன்றையொன்று முந்தும் பஸ்களின் ஹோர்ன் ஓசை. வீதிக்கும் கடலுக்கும் நடுவே சுவரோடு சுவர் ஒட்டிய ஹோட்டல்கள். ருஷ்ய மொழியில் எழுதிய உணவுப் பட்டியல். விடியும் வரை ஒலிபெருக்கி. கரையோரம் வந்த ஓர் ஆமையைச் சுற்றி முப்பது பேர் கைத்தொலைபேசியோடு நின்றனராம். “ஆமைக்குத் திரும்பிப் போக வழியில்லை” என்றார் அந்த வாலிபர். பிறகு, கைத்தொலைபேசியில் நாட்டுப் படத்தை விரித்து, தும்பறை மலைத்தொடரைச் சுட்டிக்காட்டி, “இந்தப் பக்கத்தில் யாரும் இல்லாத இடம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

யாரும் இல்லாத இடம்! அவர் விரல் வைத்த இடத்தில் பன்வில இருந்தது, மடுல்கலை இருந்தது, ஹுலுகங்கை இருந்தது. கோப்பிக் காலந்தொட்டு நம் மக்கள் காடு வெட்டி, செடி நட்டு, பிள்ளை பெற்று, புதைந்துபோன மண் அது. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு இருப்புப்பாதை போட்டபோது வத்தேகம ஒரு நிலையமானதற்கே அத்தோட்டங்கள்தாம் காரணம். வத்துகாமம் என்று நம் பழையவர்கள் இவ்வூரை அழைப்பர். ஆள் இல்லாத இடமென்று அவர் எண்ணிவந்த ஊரில் நாம் பத்துப் பேர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அந்த வாலிபர்மீது எமக்குக் கோபமில்லை. பெரும் படத்தில் லயங்கள் தெரிவதில்லை. படம் வரைந்தவர்களுக்கும் தெரிந்ததில்லை.

ஹிக்கடுவையை நாமும் கண்டிருக்கிறோம். அங்கு நேர்ந்ததை ஒரு பொழுதுபோக்கிடம் கெட்டுப்போன கதையென்று மட்டும் கொள்வது தவறு. அது எவ்வாறு கெட்டது என்பதில் நமக்கொரு பாடம் இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகத் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், இந்தியா என்று வந்த ஹிப்பி வாலிபர்கள் கடைசியில் வந்து சேர்ந்த கரைகளுள் ஹிக்கடுவையும் ஒன்று. கையில் காசு குறைந்தவர்கள். பெரிய ஹோட்டலுக்குப் போக வகையற்றவர்கள். ஆகவே ஊரார் வீடுகளில் தங்கினர். ஊராருக்கோ வீடு சொந்தம், வளவு சொந்தம், வளவில் நின்ற தென்னையும் சொந்தம். ஓர் அறையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தவர், அடுத்த ஆண்டு இரண்டு அறை கட்டினார். அதற்கடுத்த ஆண்டு முற்றத்தில் மேசை போட்டு உணவுக்கடை வைத்தார். இதில் யாரும் குற்றங்காண முடியாது. உழைத்தவர் பிழைத்தார்.

பின்னர் வந்தது பேராசை. பத்து அறை நூறு அறையாயிற்று. கடலுக்கும் கட்டடத்துக்கும் இடையிலிருந்த மணல் தேய்ந்தது. முருகைப் பாறையைக் காக்க 1979இல் கடற் சரணாலயம் என்றார்கள்; 1998இல் இயற்கை ஒதுக்கம் என்றார்கள்; 2002இல் தேசியப் பூங்கா என்றார்கள். பெயர் உயர உயரப் பாறை தேய்ந்தது. 1998இல் கடல் நீர் சூடேறி உலகெங்கும் முருகைகள் வெளுத்து மடிந்தபோது ஹிக்கடுவையும் தப்பவில்லை. ஆயின் கண்ணாடி அடித்தளப் படகுகளும், பாறைமேல் ஏறி நிற்கும் கால்களும், கடலில் கலந்த கழிவும் அந்நோயாளியை முன்பே மெலிய வைத்திருந்தன.

இதற்குள் வேறொரு செய்தியும் புதைந்திருக்கிறது. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காக முருகைப் பாறையை உடைத்தெடுப்பது நெடுநாளைய தொழில். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, ஹிக்கடுவைக்கு அண்மையில் பெரலியவில் ஒரு ரயிலே கவிழ்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அக்கரையை ஆராய்ந்தவர்கள் 2005இல் வெளியிட்ட கட்டுரையொன்று, முருகைப் பாறை உடைத்தெடுக்கப்பட்ட பெரலியவில் அலை ஏறத்தாழ பத்து மீற்றர் உயர்ந்து உள்நாட்டுக்குள் ஒன்றரைக் கிலோமீற்றர் பாய்ந்ததென்றும், பாறை எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் இரண்டு மூன்று மீற்றர் உயரத்தோடு கரையோரத்திலேயே அடங்கிற்றென்றும் கூறியது. கடல் தனக்கு முன்னே கட்டிவைத்த அணையை மனிதன் கூடையில் அள்ளி விற்றான். விற்றவன் ஒருவன், செத்தவன் வேறொருவன்.

இப்படிக் கெட்டும் ஹிக்கடுவையில் ஒன்று மிஞ்சியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் திணறினாலும், சத்தத்தில் தூங்காவிட்டாலும், அவ்வூர்க் குடும்பங்கள் பல இன்றும் தம் காணியில் தம் விடுதியை வைத்து நடத்துகின்றன. காரணம் எளிது. பிரயாணி வருமுன்னரே உறுதி அவர்கள் பெட்டியில் இருந்தது.

இனிக் கிழக்கைப் பாருங்கள். பாசிக்குடாவை அறியாத தமிழர் இல்லை. கடலுக்குள் நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு நீர், அலையில்லை, மட்டக்களப்பார் மட்டுமன்றி யாழ்ப்பாணத்தாரும் பிள்ளைகுட்டிகளோடு போய்க் குளித்து வந்த குடா. எழுபதுகளில் அங்கு ஹோட்டல்கள் எழுந்தன. 1978 நவம்பர்ச் சூறாவளி அடித்தது. பின்னர் போர் எல்லாவற்றையும் அழித்தது. 2009க்குப் பின் வந்த ‘அபிவிருத்தி’ எவ்வாறிருந்தது? ஊரார் ஓர் அறை கட்டி, பின் ஈரறை கட்டி வளர்ந்த கதை அங்கில்லை. குடாவின் வளைவைச் சுற்றிக் காணிகள் பகுதி பகுதியாகக் கம்பனிகளுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. பிறைவடிவக் கரையில் பெருவிடுதிகள் தோளோடு தோள் நின்றன. தோணி இழுத்துவைத்த மீனவருக்கு இடம் சுருங்கிற்று. வாழைச்சேனைப் பையனுக்குக் கிடைத்தது சீருடையும் மாதச் சம்பளமும். சம்பளத்தை நாம் இகழவில்லை. ஆனால் காணிக்காரனாக இருந்திருக்க வேண்டியவன் காவற்காரனாக நிற்பதைக் கண்டு பாராட்டவும் மனம் வரவில்லை.

பாசிக்குடா இவ்வாறாக, அறுகம்குடாவோ இன்னொரு வகை. பொத்துவிலை அடுத்த அக்கரையில் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் ஓலைக்குடிலில் தொடங்கிச் சிறு விடுதிகளைத் தாமே வளர்த்தார்கள். ஆழிப்பேரலையின் பின், 2005இல், கரையோரம் வீடு கட்டக்கூடாதென்று தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் எல்லை வகுத்த அரசாங்கம், உல்லாச ஹோட்டல்களுக்கு மட்டும் விலக்களித்தது. மீனவன் குடிசை ஆபத்து, ஹோட்டல் ஆபத்தில்லை! அறுகம்குடாவைப் பெருநகரமாக்கும் திட்டமொன்றும் அவ்வாண்டு வந்தது. ஊரார் எதிர்த்தனர். கனடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் அவ்வூருக்குத் தனி இடம் கொடுத்தார். அறுகம்குடாவார் முற்றாக வென்றார்கள் என்று சொல்ல மாட்டோம். இன்று அங்கும் நெரிசல் உண்டு. விருந்தாளிகளே வீட்டுக்காரராகிவிட்டனர் என்ற முறைப்பாடு உண்டு. எனினும் எதிர்த்து நிற்க அவர்களுக்குக் காலூன்ற ஒரு துண்டு நிலம் இருந்தது.

தென் கரையில் விருந்தாளியின் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 பெப்ரவரியில் கண்டோம். உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டுமென்று ஒரு களியாட்டத்தை வெளிநாட்டார் சிலர் விளம்பரம் செய்தனர். நாடே சினந்தெழுந்த பின்னரே அது கைவிடப்பட்டது. வெள்ளைத்துரைமாரின் கிளப்புகள் மூடி அறுபது எழுபது ஆண்டுகள் ஆனபின், நுழைவாயிலில் தோலின் நிறம் பார்க்கும் துணிவு எங்கிருந்து வந்தது? இடத்தை எடுத்தவன் விதியையும் எழுதுகிறான்.

பிற நாட்டாரும் இத்துன்பத்தை அறிந்தவர்களே. பிலிப்பைன்ஸில் பொராக்காய் என்ற சின்னஞ்சிறு தீவின் கடலில் கழிவுநீர் கலந்து நாறியதால் 2018 ஏப்ரல் தொடங்கி ஆறு மாதம் தீவையே பிரயாணிகளுக்கு மூடினார்கள். தாய்லாந்து தன் மாயா குடாவை அதே ஆண்டு ஜூனில் மூடி, 2022 ஜனவரியிலேதான் திறந்தது. மூடினால் முருகை மீளும். ஆனால் மூடிய மாதங்களில் தட்டுக் கழுவியவனும் படகோட்டியவனும் எதைத் தின்பது? கெட்டபின் திருத்துவதன் செலவு ஏழையின் தலையிலேயே விழுகிறது.

மீண்டும் வத்தேகமவுக்கு வருவோம். ஹிக்கடுவையில் இடமில்லை, மிரிஸ்ஸவில் இடமில்லை, மலையிலே எல்லவிலும் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கத் தலைக்கு மேல் தலை. ஆகவே மூட்டை சுமப்போர் அடுத்த ஊரைத் தேடுகிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாகத் தோட்டங்களின் ஊடே செல்கிறது. தும்பறைக் காடோ 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. துரைமார் பங்களாக்கள் பல இடங்களில் உல்லாச விடுதிகளாகிவிட்டன. ஆகவே, பிரயாணி மலைக்கு வருவானா என்பது கேள்வியல்ல, வந்துவிட்டான். நம் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தான்.

அன்று கடையில் நடந்த மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். மாலையாகிவிட்டது, அன்றிரவு தங்க இடம் உண்டா என்று வாலிபர் கேட்டார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தொழிலாளி, எம் காதருகே குனிந்தார். “ஐயா, எங்க லயத்துக்கு முன்னால மகன் கொழும்புல ஒழைச்ச காசுல ஒரு ரூம் கட்டியிருக்கான். சுத்தமா இருக்கும். வேணுமுன்னா தம்பி தங்கட்டும்.” பிறகு அவரே தயங்கினார். “ஆனா ஆபீஸுல கேக்காம வெளியாளத் தங்க வச்சா நாளைக்கு ஒரு பேச்சு வரும்.” அவர் பிறந்தது அந்த லயத்தில், மணமுடித்ததும் அங்கேதான், ஆறு பிள்ளைகளும் அங்கேதான். ஆயினும் ஓர் அந்நியனை ஓரிரவு தங்கச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. வாலிபர் கடைசி பஸ்ஸில் கண்டிக்குத் திரும்பினார். வாடகைப் பணமும் கண்டிக்குத் திரும்பிற்று.

இந்த முதியவரின் தகப்பனாருக்கு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டை இல்லையென்றாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பங்குபோட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பின்பு பார்க்கலாமென்று வைத்தது. அந்த வாலிபரின் மாமன் 1982இல் விமான நிலையத்தில் இறங்கி முத்திரை குத்திக்கொண்டு ஹிக்கடுவைக்குப் போனபோது, அவரைவிட இந்த மண்ணில் குறைந்த உரிமையோடு நம் முதியவரின் குடும்பம் லயத்தில் இருந்தது. 2003இன் சட்டத்துக்குப் பின் பிரஜாவுரிமைக் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. காணிக் கணக்கு தீரவில்லை. ஏழு பேர்ச் என்றார்கள், பத்துப் பேர்ச் என்றார்கள். வாக்குறுதியின் பரப்பளவு தேர்தலுக்குத் தேர்தல் வளர்கிறது. சில இடங்களில் வீடும் உறுதியும் கிடைத்திருக்கின்றன, அதை மறைக்கமாட்டோம். மிகப் பலர் இன்னும் லயத்திலேயே இருக்கிறார்கள். கண்டி, மாத்தளைப் பகுதிகளில் பல தோட்டங்கள் 1992இல் கம்பனிகளுக்குப் போகாமல் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் கையிலேயே இருப்பவை. அதாவது காணிக்காரன் அரசாங்கமே. கம்பனி தடுக்கிறது என்ற சாக்கு இங்கே செல்லாது.

“உல்லாசப் பயணமே நமக்கு வேண்டாம், அது பண்பாட்டைக் கெடுக்கும்” என்று நம்மிடையே சிலர் சொல்வர். சொல்பவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்ட கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். ஓர் அறையை ஓரிரவு கொடுத்து அத்தொகையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெற வழியிருக்கும்போது அது வேண்டாமென்று சொல்ல நாம் யார்? தும்பறைச் சரிவில் மிளகும் கராம்பும் ஏலமும் வைத்திருக்கும் சிறு காணிக்காரரும், பால்மாடு வைத்திருப்போரும், மரக்கறித் தோட்டம் செய்வோரும் விருந்தாளியால் பயன்பெறலாம். ஆனால் விடுதி அவர்களிடமே வாங்கினால்தான் பயன். தம்புள்ளைச் சந்தையிலிருந்து லொறியில் இறக்கினால் அவர்களுக்கு மிச்சம் தூசிதான்.

நம் படித்த வர்க்கத்தாரிடமும் ஒரு சொல். கிழக்குக் கரையில் ஏழைகளின் காணி கைமாறியபோது வாங்கியவர் எல்லாரும் தெற்கத்தியார் அல்லர். நொத்தாரிசுகளும் வைத்தியர்களும் எந்திரிகளும் அவர்களுள் இருந்தார்கள், நம்மவர்கள்தாம். மலையிலும் அவ்வாறே நடக்குமென்றால் கொழும்பு முதலாளியை மட்டும் திட்டிக்கொண்டிருப்பது நேர்மையாகாது.

மலைக்கு இன்னோர் அபாயம் உண்டு, கடற்கரைக்கில்லாதது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மிகக் கொடிய அடி வாங்கிய மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. ஹிக்கடுவையில் முருகைப் பாறை எவ்வேலையைச் செய்ததோ, அவ்வேலையை மலையில் மரவேரும் வெட்டப்படாத சரிவும் செய்கின்றன. காட்சி நன்றாகத் தெரிய வேண்டுமென்று சரிவின் விளிம்பை வெட்டிக் கட்டடம் எழுப்பும் மோகம் எல்லவில் கண்டோம். விடுதிக்காரர் காட்சியைப் பார்ப்பார். கீழே லயத்தில் இருப்பவர் அவர் வெட்டிய மண்ணைப் பார்ப்பார். மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இசைவின்றிக் கட்டக்கூடாதென்ற விதி ஏட்டில் இருக்கிறது. வத்தேகம நகரசபையும் பன்வில, பாத்ததும்பறைப் பிரதேச சபைகளும் அதை ஏட்டிலிருந்து எடுத்து நிலத்தில் நிறுத்துமா?

இந்தப் பகுதித் தோட்டங்களில் உல்லாச விடுதிக்கென ஒரு துண்டுக் காணியையாவது குத்தகைக்குக் கொடுக்குமுன், அத்தோட்டத்தில் வாழும் குடும்பங்களுக்கு வீட்டுக் காணியின் உறுதியை எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் உறுதி, பிறகு குத்தகை. வரிசை மாறினால் பாசிக்குடாதான். உறுதியிருந்தால் வங்கி கடன் கொடுக்கும். கடனிருந்தால் கழிப்பறையோடு ஓர் அறை கட்டலாம். அறையிருந்தால் உல்லாசப் பயண அதிகாரசபையில் வீட்டு விடுதியாகப் பதியலாம். காணியின் உரிமையைக் காட்டாமல் இவற்றுள் எதையும் தொடங்க முடியாது. லயத்துக்கு நீர் வரும் ஓடையை விடுதியின் நீச்சற்குளத்துக்குத் திருப்புவதில்லையென்ற நிபந்தனையும் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும், வாய்ச்சொல்லாக அல்ல.

மலையகத்தின் பேரால் பாராளுமன்றத்தில் அமர்ந்திருப்போர், எக்கட்சியினராயினும், ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் ஒரு கணக்குக் கேட்கட்டும். கண்டி மாவட்டத்தில் உல்லாச விடுதிகளுக்கென எத்தனை ஏக்கர் ஒதுக்கப்பட்டிருக்கிறது, தொழிலாளர் குடும்பங்களுக்கு எத்தனை உறுதி எழுதப்பட்டிருக்கிறது, இரண்டையும் தோட்டவாரியாக ஒரே தாளில். விடை வந்ததும் அதை இப்பக்கத்தில் எழுத்துக்கு எழுத்து வெளியிடுவோம்.